ஒரிஜினல் என்று நான் எழுதிக் கொடுத்த வண்டி

பார்ட்ஸ் கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பார்ட் நம்பர் தேடுவதும் ஸ்டாக் பார்ப்பதும் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. முப்பத்தோரு வருஷம் அந்தக் கவுண்டரில் நின்றுவிட்டு, போன வருஷம்தான் ரிடையர் ஆனேன். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

நம் பைக் ஷோரூமுக்கு எப்போதாவது ஒரு ஸ்பெஷல் வண்டி வரும். கம்பெனி பந்தயத்தில் ஜெயித்ததன் நினைவாகவோ, தொடங்கி இத்தனை ஆண்டு ஆனதன் நினைவாகவோ, கொஞ்சம் எண்ணிக்கையில் மட்டும் செய்வார்கள். பிறகு அதே மாதிரி செய்யவே மாட்டார்கள். டேங்க் மேல் சின்னதாக ஒரு உலோகத் தகடு, அதில் அந்த வண்டியின் வரிசை எண். இன்ஜின் என்னவோ மற்ற வண்டியில் இருப்பதுதான். ஆனால் அந்தத் தகட்டைப் பார்த்துவிட்டால் சிலருக்குப் பேச்சே மாறிவிடும். வாங்கிய நாளன்று சீட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் வருஷக்கணக்காக வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட வண்டி கைமாறும்போது என்னைக் கூப்பிடுவார்கள். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் எந்தப் பாகத்தில் எந்த இடத்தில் என்ன குறி இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். ஃபாக்டரியில் ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன் தலையில் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார்கள். ஸ்பேனர் பட்டால் அந்தக் கோடு விலகிவிடும். விலகிய கோட்டை நான் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். கொல்லத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஆட்கள் போன் செய்து, "செண்பகம் சேச்சி பார்த்தாச்சா?" என்று, அக்காவுக்கு மலையாளத்தில் சொல்வதுபோல், கேட்பார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. பெருமை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது.

கவடியார்ப் பக்கம் ஒரு டாக்டர் வீட்டில் அந்த வண்டி இருந்தது. சிவப்பும் வெள்ளையும், நாற்பத்தொன்றாம் எண். நம் ஷோரூமில்தான் வாங்கினார். அங்கிருந்து வீடு வரை ஓட்டிப்போனதோடு சரி, அப்புறம் பத்து வருஷம் ஏ.சி. அறையில் துணி போர்த்தி நிறுத்தியிருந்தார். அதை விற்கப்போகிறார் என்று தெரிந்ததும் பழனிவேல் என்னிடம் வந்தார்.

பழனிவேலுக்கு ஆரியசாலையில் வற்றல் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அந்த வண்டி ஷோரூமுக்கு வந்தபோது அவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். நாலு நாள் தொடர்ந்து வந்து, கயிறு கட்டியிருந்த இடத்துக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார். ஐந்தாம் நாள் வந்தபோது வண்டி விற்றுப்போயிருந்தது. காலி இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்த முகம் எனக்கு ஞாபகம் இருந்தது.

"அக்கா, நீங்க பார்த்துச் சொன்னா போதும்," என்றார். "வேற யாரும் பார்க்க வேண்டாம்."

டாக்டர் வீட்டில் மூன்று மணி நேரம் பார்த்தேன். ஒரு போல்ட்டில்கூடக் கோடு விலகவில்லை. டயர், ஹோஸ், பிரேக் பேட், செயின், எல்லாம் ஃபாக்டரியிலிருந்து வந்தது வந்தபடியே. என் வாழ்நாளில் அப்படி ஒரு வண்டியை நான் பார்த்ததில்லை. டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார், ஸ்பேனர் எதுவும் தொடக்கூடாது. மெக்கானிக்கைக் கூட்டிவரலாமா என்று கேட்டதற்கு, "எதுக்கு? திறந்தா வேல்யூ போயிடும்," என்றார். அந்தக் கோடுகளைப் பார்த்த மயக்கத்தில் எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

திரும்பி வந்து நம் தலைமை மெக்கானிக்கிடம் சொன்னேன். அவரை எல்லாரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். நான் சேர்ந்த புதிதில் ஒரு பாகத்தை எப்படிக் கையில் வாங்க வேண்டும் என்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தவர்.

"பத்து வருஷம் நின்ன வண்டியா?" என்றார். "ரப்பர் எல்லாம் செத்திருக்கும், கேட்டோ. வாங்கறவர்கிட்ட சொல்லிடு."

"அவரு ஓட்டப் போறதில்ல ஆசானே. கண்ணாடிக்குள்ள வைக்கத்தான்."

"அவரு சொன்னாரா?"

"இவ்வளவு ஆசைப்பட்டு வாங்கறவரு ரோட்டுல இறக்குவாரா?"

ஆசான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் பழனிவேலிடம் கேட்கவில்லை. ஷோரூம் பெயரில் வாங்குகிறவருக்குக் கொடுக்கும் சான்றிதழில் இரண்டு வரி எழுதினேன். "எல்லாப் பாகங்களும் ஒரிஜினல். வண்டி நல்ல நிலையில் உள்ளது." முதல் வரி எனக்குத் தெரிந்தது. இரண்டாவது வரி எனக்குத் தெரியாதது. கை பழக்கத்தில் தானாக எழுதிவிட்டது. கீழே கையெழுத்தும் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கரமனையில் எங்கள் வீட்டில் டிபனை முடித்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ஸாப் ஸ்டேட்டஸில் பழனிவேல் ஒரு படம் போட்டிருந்தார். விதுராவில் ஒரு டீக்கடை முன்னால் நாலு வண்டிகள் நிற்கின்றன. முதலில் நிற்பது நாற்பத்தொன்று. கீழே, "பத்து வருஷக் கனவு. அடுத்து பொன்முடி" என்று எழுதியிருந்தார்.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தகட்டில் எண் தெரிகிறதா என்று படத்தைப் பெரிதாக்கினேன். எண் தெரிந்தது. விரலை அப்படியே கீழே நகர்த்தினேன். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இடது ஃபோர்க் குழாயில் மேலிருந்து கீழே ஒரு கோடு ஓடியது. ஈரமான, பளபளக்கிற கோடு. அது பிரேக் டிஸ்க் பக்கம் வரை இறங்கியிருந்தது.

அது பெயிண்ட் கோடு இல்லை. எண்ணெய்.

பழனிவேலுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. அவருடைய மனைவி கோமதிக்குப் போட்டேன். உடனே எடுத்தாள்.

"சொல்லுங்க அக்கா. என்ன காலையிலேயே?"

இந்த இடத்தில் நான் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். "உன் புருஷன் ஓட்டிப்போகிற வண்டியில் எண்ணெய் ஒழுகுகிறது, நிறுத்தச் சொல்லு" என்று சொல்வதற்கு எத்தனை நேரம் ஆகும்? ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் என் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"ஒண்ணுமில்ல கோமதி. வண்டி எப்படி ஓடுதுன்னு கேக்கலாம்னுதான்."

"அய்யோ, அவருக்குத் தரையில கால் நிக்கல அக்கா. வந்ததும் பேசச் சொல்றேன்."

வைத்துவிட்டேன். அவளைப் பயமுறுத்த வேண்டாம், முதலில் ஆசானிடம் கேட்டு உறுதி பண்ணிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் கையெழுத்து என் கண் முன்னால் நின்றது. அதற்குத்தான் நான் பயந்தேன்.

படத்தை ஆசானுக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் கூப்பிட்டார். ஹலோகூடச் சொல்லவில்லை.

"எண்ணெயைத் தடுக்கிற ரப்பர், ஃபோர்க் சீல், போயிருக்கு. எண்ணெய் பிரேக்குல இறங்குது. உள்ள பிரேக் ஃப்ளூயிடும் பத்து வருஷப் பழசு. ஏறும்போது ஒண்ணும் தெரியாது. பிரேக்கே வேண்டாமே. இறங்கும்போது சூடேறினா பிரேக் லீவர் பிடிக்காம கையோட வந்துடும். அந்த ஆளு எங்க இருக்கார்?"

"விதுரா. பொன்முடிக்குப் போறாங்க."

பொன்முடி ரோட்டை உங்களுக்குத் தெரியும். கல்லாறு தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றும் கிடையாது.

"நான் காரை எடுத்துட்டு வரேன்," என்றார் ஆசான். "நீ போன் போட்டுக்கிட்டே இரு."

படத்தை மறுபடி பெரிதாக்கினேன். டீக்கடைப் பலகையில் ஒரு நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். கடைக்காரர் எடுத்தார்.

"அந்த நாலு வண்டியா? இப்பத்தான் கிளம்பினாங்க. கொஞ்சம் முன்னாடி வரைக்கும் இங்கதான் சிரிச்சுப் பேசிக்கிட்டு நின்னாங்க."

அவரிடம் கெஞ்சிக் கல்லாறு செக்போஸ்ட்டில் இருக்கிற காவலரின் நம்பரை வாங்கினேன். அந்த நம்பர் கிடைப்பதற்கே நேரம் ஓடிவிட்டது, லைன் கிடைப்பதற்கு இன்னும் கொஞ்சம். இதற்குள் ஆசான் வாசலில் ஹாரன் அடித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். நெடுமங்காடு ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது காவலர் எடுத்தார். சிவப்பு வண்டியின் பிரேக் கெட்டிருக்கிறது என்றேன். மலையாளத்தில்தான் பேசினோம். எழுதுவதற்காகத் தமிழில் வைக்கிறேன்.

"நாலு வண்டியும் மேலே போயாச்சு, சேச்சி. இங்க டிக்கெட் எடுக்க அந்தச் சிவப்பு வண்டி அழகா நின்னுதே. பிரேக்குக்கு என்ன குறை?"

"ஏறும்போது தெரியாது. இறங்கும்போதுதான் ஆபத்து. மேலே யாரிடமாவது சொல்லி அவரை நிறுத்துங்க."

"யாரோ போன்ல சொன்னாங்கன்னு நான் எப்படி வண்டியை நிறுத்தறது?" என்று வைத்துவிட்டார்.

ஆசான் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "திருட்டு வண்டின்னு சொல்லு. உடனே பிடிப்பாங்க."

சொல்லியிருந்தாலும் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உயிர் போகிற இடத்தில் பொய் என்ன, மெய் என்ன? மறுபடி நம்பரைப் போடும்போது அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் காவலரிடம் ஒருமுறை பிரேக் என்று சொல்லியாயிற்று. இப்போது திருட்டு என்றால் இரண்டையும் நம்ப மாட்டார். அதைவிட, அந்தப் பொய் ஏன் எனக்கு இவ்வளவு இனிப்பாக இருக்கிறது என்று தோன்றியது. அதில் பழனிவேல் திருடன் ஆகிவிடுவார். என் கையெழுத்து சுத்தமாக இருக்கும்.

காவலர் எடுத்ததும் மூச்சுவிடாமல் சொன்னேன். "என் பேரு செண்பகம். அந்த வண்டி நல்லா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். தப்பா எழுதிட்டேன். என் பேரையும் நம்பரையும் எழுதி வச்சுக்குங்க. அந்த ஆளுக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்னிக்குக் காலையில நான் உங்ககிட்ட இதைச் சொன்னேன்னு யார் கேட்டாலும் சொல்லுவேன்."

"வேலை செய்யற இடம்?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவால் எழுதுகிற சத்தம் எனக்குக் கேட்டதுபோல் இருந்தது.

"மேலே வயர்லெஸ்ல சொல்றேன்," என்றார்.

விதுரா தாண்டியதும் போனில் சிக்னல் போய்விட்டது. அதற்கப்புறம் இருந்த நேரத்தை என்னால் விவரிக்க முடியவில்லை. எதிரே ஒரு வண்டி வந்தால் அதன் டிரைவர் முகத்தைப் பார்ப்பேன். மேலே ஏதாவது பார்த்திருந்தால் முகத்தில் தெரியும் அல்லவா? ஒரு ஜீப்காரர் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர் எதற்குக் காட்டினார் என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஹெட்லைட் எரிகிறது என்று சொல்லியிருக்கிறார்.

கல்லாறு செக்போஸ்ட்டில் கார்கள் வரிசையாக நின்றன. ஒரு பஸ்ஸும் நின்றது. ஆட்கள் இறங்கி நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய் நின்றதும் ஒரு காவலர் குனிந்து, "செண்பகமா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

"மேலே சொல்லும்போது அந்த ஆள் இறங்க ஆரம்பிச்சாச்சு. மூடுபனி வருதுன்னு அவர் மட்டும் முன்னாடி கிளம்பிட்டாராம். கூட வந்தவங்க போட்டோ எடுத்துக்கிட்டு நின்னிருக்காங்க. மேலேயிருந்து ஜீப் பின்னாடியே போயிருக்கு. நான் இங்கே கீழேயிருந்து யாரையும் ஏற விடல. நீங்க போங்க."

அவர் கேட்டைத் தூக்கிவிட்டார். பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

முதல் வளைவு. ஒன்றுமில்லை. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு வளைவிலும் நான் பள்ளத்தின் பக்கம்தான் பார்த்தேன். சிவப்பாக ஏதாவது தெரிந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். ஒன்பதோ பத்தோ, எண்ணிக்கை விட்டுப்போயிற்று, ஒரு வளைவைத் தாண்டியதும் ஆசான் பிரேக்கை மிதித்தார்.

ரோட்டில் சிவப்புப் பிளாஸ்டிக் துண்டுகள் சிதறிக் கிடந்தன. ஜீப் நின்றது. மலைப் பக்கத்து ஓடைக்குள் வண்டி தலைகீழாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் பழனிவேல் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தார்கள். இடது கையை வலது கையால் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார். முகம் சாம்பல் பூத்ததுபோல் இருந்தது. கண் திறந்திருந்தது.

நான் காரிலிருந்து இறங்கினேன். அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"அக்கா," என்றார். நான் எப்படி அங்கே வந்தேன் என்று அவருக்குப் புரியவில்லை. "பிரேக்கைப் பிடிச்சேன், அக்கா. லீவர் அப்படியே கையோட வந்திடுச்சு. இடது பக்கம் பள்ளம். வலது பக்கம்தான் மலை. எதிர்ல ஏதாவது வந்தா செத்தேன்னு நினைச்சுத்தான் குறுக்கே திருப்பினேன். ஒரு வண்டிகூட வரல. ஞாயித்துக்கிழமை, ஒரு வண்டிகூட வரல அக்கா."

செக்போஸ்ட்டில் நிறுத்தி வைத்திருந்த அந்தப் பஸ் வழக்கம்போல் புறப்பட்டிருந்தால் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் வந்திருக்கும் என்று, மேலேயிருந்து அவர் பின்னால் வந்த ஜீப்காரர் பிறகு சொன்னார்.

தோள் எலும்பு உடைந்திருந்தது, இரண்டு விலா எலும்பில் கீறல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். கோமதி வந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். சான்றிதழ், ஆசான் சொன்னது, நான் கேட்காமல் விட்டது, படத்தில் எண்ணெய் பார்த்தது, எதையும் மறைக்கவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"அக்கா, நீங்க எனக்குப் போன் பண்ணினீங்களே," என்றாள். "அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடிதான் அவர் கூட்டாளி போன்ல இருந்து என்கிட்ட பேசி வச்சார். டீக்கடையிலதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க. அந்த நம்பர் என்கிட்ட இருந்துச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே நிறுத்தியிருப்பேன்."

அவர் ஓட்டுவார் என்று நினைக்காமல் எழுதியது அறியாமை என்று நான் வாதாடலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாதது அறியாமை இல்லை.

மறுநாள் மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். சான்றிதழ் கொடுக்கிற வேலையை ஆறு மாதம் என்னிடமிருந்து எடுத்தார்கள். அது நியாயம். டாக்டர் வீட்டுக்கும் போனேன். அவரிடம் அதேபோல் இன்னும் இரண்டு வண்டிகள் நின்றன. நடந்ததைச் சொல்லி, விற்பதாக இருந்தால் ஆசானுக்குத் திறந்து காட்டிவிட்டு விற்கும்படி கேட்டேன். "நான் ஓட்டச் சொல்லலியே," என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வாரம் முன்னால் அதையேதான் நானும் ஆசானிடம் சொல்லியிருந்தேன்.

நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு வண்டி முன்னால் நிற்பீர்கள். ஒரு கோடு விலகாமல், தூசி படாமல் இருக்கும். அதைப் பார்த்து மனசு மயங்குவது தப்பில்லை. மயங்காதவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது. ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன்னால் வாங்குகிறவரிடம் கேளுங்கள், இதை ஓட்டுவீர்களா என்று. ஓட்டமாட்டேன் என்று சொன்னாலும் ஓட்டுவார் என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள். எழுதினதில் தப்பு என்று தெரிந்துவிட்டால், கையில் போன் இருக்கும்போது முதலில் எடுக்கிற ஆளிடம் சொல்லிவிடுங்கள். உறுதி பண்ணிக்கொண்டு சொல்லலாம் என்று உங்கள் மனசு சொல்லும். அதை நம்பாதீர்கள்.

தோள் கூடிய பிறகு ஒருநாள் பழனிவேல் கவுண்டருக்கு வந்தார். என்னோடு பேச வருவார் என்றே நான் நினைத்திருக்கவில்லை. கையில் ஒரு பட்டியல். டயர், ஃபோர்க் சீல், ஹோஸ், பேட், உடைந்த முகப்பு, எல்லாம்.

"இதையெல்லாம் மாத்தினா அது ஒரிஜினல் இல்லையே," என்றேன். வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"எனக்கு ஓட்டணும் அக்கா," என்றார். "நாலு நாள் கயித்துக்கு வெளியே நின்னு பார்த்தவன் நான். இனிமே கண்ணாடிக்கு வெளியே நின்னு பார்க்க முடியாது."

ஆசான் ஒவ்வொரு போல்ட்டாகத் திறந்து வேலையைச் செய்தார். ஃபாக்டரிக் கோடுகள் ஒவ்வொன்றாக விலகுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முடிந்த அன்று பழனிவேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஒரு ரவுண்டு போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். பத்து நிமிஷத்து வேலை. கவுண்டரில் மூன்று பேர் காத்திருந்தார்கள், போன் அடித்துக்கொண்டிருந்தது. நான் எதையும் எடுக்கவில்லை. ஷோரூம் வாசலில் வந்து நின்று, வண்டிச் சத்தம் திரும்பிக் கேட்கிற வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.